மூன்றாம் படுக்கையின் விமர்சனங்கள்

செவ்வாய், வியாழன், சனி.
ஆறே காலுக்கு ராணிப்பேட்டையில் பஸ் ஏறினால்
ஏழரைக்கு வேலூரில், இடது கையில் இரண்டு ஊசி.
அப்புறம் நாலு மணி நேரம்
ரத்தம் வெளியே போய் ஊர் சுற்றிவிட்டு வரும்.
நான் படம் பார்ப்பேன்.

போன் நாலாம் படுக்கை அமானுல்லாவுடையது.
மேல்விஷாரத்துக்காரர், தோல் மண்டியில் கணக்கு.
நடுவே ஒரு ஸ்டூல் போட்டு
மருந்து பாட்டிலில் சாய்த்து வைப்பார்.
படம் இரண்டரை மணி, மிஷின் நாலு மணி.
மிச்சம் ஒன்றரை மணிக்கு ஏதாவது பேச வேண்டுமே,
அப்படித்தான் எங்களுக்கு அபிப்பிராயங்கள் உண்டாயின.

பேய்ப் படத்தில் பேய் நல்ல பேய்.
வீட்டுக்காரர்கள்தான் சரியில்லை,
சத்தம் கேட்டால் லைட்டைப் போட வேண்டியதுதானே.
பயம் என்றால் அது
பில் கவுண்டரில் கம்ப்யூட்டர் யோசிக்கிற அரை நிமிஷம்.

போலீஸ் படத்தில் முப்பத்தோரு பேர் அடி வாங்கினார்கள்.
நான் ஷூவைப் பார்த்தேன்.
ஓடும்போது தைத்த சோல்,
உதைக்கும்போது ஒட்டின சோல்.
பதினாலு வருஷம் அப்பர் தைத்தவளை
எந்த எடிட்டர் ஏமாற்றுவான்?
சரித்திரப் படத்து ராஜா இன்னும் மோசம்,
கிரீடம் வரைக்கும் தங்கம், காலில் ரெக்ஸின்.
கோட்டை கம்ப்யூட்டரில் கட்டியதாம்.
"நம்ம ஊர்க் கோட்டையைக் காட்டியிருக்கலாம்,
ராஜா செலவும் மிச்சம்" என்றார் அமானுல்லா.

நகைச்சுவைப் படத்துக்கு இங்கே தடை.
ஊசி குத்திய கை குலுங்கக் கூடாது என்று
பியூலா சிஸ்டர் உத்தரவு.

ஆனாலும் ஒரு நாள் வார்டே குலுங்கியது,
அது கண்ணீர்ப் படம்.
தம்பி கிட்னி கொடுக்கிறான்.
ஒரே பாட்டு. பாட்டு முடிவதற்குள்
அண்ணன் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார்.
இரண்டாம் படுக்கை அஸ்ஸாம் பையன்,
ஒரு சொல் தமிழ் தெரியாது, அவனும் சிரித்தான்.
என் தம்பிக்கும் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள்.
போனை அவன் மனைவி எடுத்தாள்,
"குளிக்கிறாரு அண்ணி."
போன ஆடியிலிருந்து குளிக்கிறான்.

காதல் படத்தைப் பற்றி
என்னால் நியாயமாகச் சொல்ல முடியாது.
அதில் ஒரு மழை வந்தது.
அந்தப் பெண் முகத்தை நிமிர்த்தி
வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.
எனக்கு நாளுக்கு அரை லிட்டர்,
மாத்திரைக்கும் சேர்த்து, ரசமும் கணக்கில் வரும்.
"நிறுத்துங்க பாய்."
நிறுத்தினார்.
"டேங்கர் லாரித் தண்ணிம்மா அது, குடிக்க ஆகாது."
சொல்லும்போதே நாக்கால்
உதட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை ஒரு விருதுப் படம்.
அதில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.
ஒருத்தி வெயிலில் நடந்து வருகிறாள்,
அது இருபது நிமிஷம்.
எங்கள் பாலாறு மாதிரி நீண்டு கிடந்தது படம்.
அமானுல்லா தூங்கிவிட்டார், அல்லது
கண்ணை மூடிக்கொண்டார்.
அவள் வீட்டுக்குள் போய்ச் செம்பை எடுத்தாள்.
அண்ணாந்தாள்.
பாட்டு இல்லை, வயலின் இல்லை,
தொண்டை ஏறி இறங்குகிற சத்தம் மட்டும்.
செம்பு காலியாகும்வரை கேமரா
வேறெங்கும் போகவில்லை.

நட்சத்திரம் ஒன்றும் போடவில்லை நான்.
வலது கையை நீட்டி
அந்த இடத்துக்கு மட்டும் படத்தைப் பின்னால் தள்ளினேன்.
மறுபடியும் தள்ளினேன்.

செவ்வாய்க்கிழமை எடை மேடையில்
இரண்டு கிலோ எண்ணூறு கூடியிருந்தது.
"என்ன குடிச்சீங்க அமுதவல்லி?"
"படம் பார்த்தேன் சிஸ்டர்."

நாலாம் படுக்கைக்காரர்
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
அவருக்கு மூன்று கிலோ.